13 வரிப் பாட்டு, 5 சைட்டு, ஒரே ஒரு பீரியட்

லைப்ரரி பீரியட்ல பதினொண்ணாவது படிக்கற பொண்ணு ஒருத்தி ரஃப் நோட்டோட வந்து நின்னா. அவங்க அம்மா போனுக்கு வாட்ஸப்ல வந்த ஏதோ படத்துல இருந்து ரெண்டு வரி எழுதிட்டு வந்திருக்கா. யாதும் ஊரே யாவரும் கேளிர், தீதும் நன்றும் பிறர்தர வாரா. "மிஸ், பேச்சுப் போட்டிக்கு பாட்டு முழுசா வேணும், எந்தப் புத்தகம் எத்தனாம் பக்கம்னும் தெரியணும், நடுவர் கேட்டா சொல்லணும்ல". எங்க லைப்ரரில புறநானூறு ஒரு காப்பி இருக்கு, அதாவது ரெஜிஸ்டர்ல இருக்கு, புத்தகம் ரெண்டு வருஷமா எங்க தமிழய்யா வீட்டுல இருக்கு. சரி வா கம்ப்யூட்டர்லயே பாத்துரலாம்னு உக்காந்தோம், பெல் அடிச்சு அடுத்த கிளாஸ் வாசல்ல வந்து நிக்கற வரைக்கும் தேடினோம்.

எங்ககிட்ட இருக்கறது ரெண்டு கம்ப்யூட்டர், ஒண்ணுல தான் நெட் ஒழுங்கா வரும். பீரியட் 40 நிமிஷம், கிளாஸுக்கு முப்பத்தெட்டு பேர், போன் ஸ்கூலுக்குக் கொண்டு வரக்கூடாது. சீர்காழில பொறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் லைப்ரரி சயின்ஸுக்குனு 1931ல போட்ட அஞ்சு விதில நாலாவது, வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்துங்கறது. லைப்ரரி சயின்ஸ் படிச்சப்ப அதை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினேன், அத்தோட சரி, ஒரே மானிட்டர் முன்னாடி ஏழு பேர் கழுத்தை நீட்டிட்டு நிக்கறப்ப தான் அது எனக்குப் புரிஞ்சுது. அதனால அடுத்த சில வாரம் இந்த ஒரே கேள்வியை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு சைட்டா போய்ப் பாத்தேன். நான் பாத்தது ரெண்டே விஷயம், அந்த வரி எவ்ளோ சீக்கிரம் கண்ணு முன்னாடி வருது, வந்த வரிக்கு இந்தப் பதிப்பு இந்தப் பக்கம்னு கை காட்ட முடியுதா.

முதல்ல மதுரைத் திட்டம். 1998 பொங்கல் அன்னிக்கு ஆரம்பிச்சது, சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரம் முன்ன நின்னு நடத்த, எங்கெங்கயோ இருந்த தமிழ் ஆளுங்க சம்பளம் இல்லாம உக்காந்து தட்டச்சு பண்ணி ஏத்தினது. நம்ம ஊருல பாதி பேருக்கு மெயில் ஐடியே இல்லாத காலம் அது. ஒவ்வொரு ஃபைல் தலைப்புலயும் யார் தட்டச்சு பண்ணா யார் பிழை திருத்துனானு பேரு போட்டிருப்பாங்க, அதைப் பிள்ளைங்களுக்குத் தனியா படிச்சே காட்டுவேன். வெறும் எழுத்து தான், படம் கிடம் இல்ல, எவ்ளோ மந்தமான நெட்டுலயும் வந்துரும், கன்ட்ரோல் எஃப் அடிச்சா தேடலாம், காப்பி பண்ணலாம். வேகத்துல இதை யாரும் அடிச்சுக்க முடியாது. ஆனா பெரும்பாலும் அச்சுப் புத்தகத்தோட பக்க எண் கிடைக்காது, அந்தப் பொண்ணு கேட்டதுல பாதி அங்கயே போச்சு.

இன்னொரு சிக்கல், இது மதுரைத் திட்டத்தோட குத்தம் இல்ல, தமிழ்ல தேடற எல்லாருக்கும் இருக்கறது. யாதும் ஊரேனு நாம பிரிச்சு அடிப்போம், பழைய பதிப்பு முறைல சீர் பாத்து அச்சடிச்சா அது "யாது மூரே யாவருங் கேளிர்"னு வரும். கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற, ஒண்ணும் கிடைக்கலைனு சொல்லிரும், பிள்ளைங்களும் அந்தப் பாட்டு இதுல இல்ல மிஸ்னு எழுந்து போயிருவாங்க. எந்தப் பதிப்பைப் பாத்து தட்டச்சு பண்ணாங்கங்கறதைப் பொறுத்து இது மாறும். நான் இப்ப சொல்லிக் குடுக்கறது, முழு வரியை அடிக்காதீங்க, புணர்ச்சில மாறாத ஒரு சொல்லைப் பிடிங்க, கேளிர்னு மட்டும் அடிங்க. அதே மாதிரி ஔவையார். ஔங்கறது ஒரே எழுத்து, ஆனா நிறைய பேர் ஒ போட்டு பக்கத்துல ள போட்டு ஒளவையார்னு அடிச்சு வச்சிருப்பாங்க, பாக்க ஒரே மாதிரி தான் இருக்கும், தேடினா ஒண்ணு கிடைக்கும் இன்னொண்ணு கிடைக்காது. இதைச் சொன்ன அன்னிக்கு ஒன்பதாவது பசங்க அரை பீரியட் ரெண்டு விதமாவும் அடிச்சுப் பாத்துட்டு இருந்தாங்க, கம்ப்யூட்டரை ஏமாத்திட்டோம்னு அவ்ளோ சந்தோஷம்.

அடுத்து தமிழ் இணையக் கல்விக்கழகம். 2001ல தமிழ் இணையப் பல்கலைக்கழகம்னு ஆரம்பிச்சு அப்புறம் பேரு மாறினது. இங்க ஒரு குழப்பத்தை மொதல்லயே தீத்துரணும், இது ஒரு வீடு இல்ல ரெண்டு வீடு. பழைய சைட்டுல சங்க இலக்கியம் எல்லாம் உரையோட எழுத்து வடிவத்துல இருக்கும், அகராதிகளும் அங்கயே. மின்னூலகம்னு தனியா இருக்கே, அதுல ஸ்கேன் பண்ண புத்தகங்கள், பத்திரிகைகள். பிள்ளைங்க ஒண்ணுல பாத்துட்டு இன்னொண்ணுல தேடுவாங்க. புறநானூறுக்குப் பழைய வீடு தான் வசதி, 192னு பாட்டு எண் தெரிஞ்சா போதும், உரையோட சேத்தே படிக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு இந்த உரை தான் முக்கியம், ஏன்னா எங்க கிளாஸ்ல கேட்டா முக்கால்வாசி பேர் கேளிர்னா கேளுங்கனு அர்த்தம் சொல்றாங்க, எல்லாரும் கேளுங்கள்னு கணியன் பூங்குன்றனார் மைக் பிடிச்சுப் பேசற மாதிரி. கேளிர்னா உறவுக்காரங்க. அகராதில அந்தச் சொல்லைப் பாக்க வச்சேன், அந்தப் பொண்ணு மூஞ்சி மாறினதைப் பாக்கணுமே, பேச்சோட தொடக்கத்தையே திரும்ப எழுதினா.

அப்புறம் இன்டர்நெட் ஆர்கைவ். 1996ல அமெரிக்காவுல ப்ரூஸ்டர் கேல் ஆரம்பிச்சது, உலகத்துப் பொருளெல்லாம் ஏத்தி வச்சிருக்கற பெரிய குடோன். இந்திய அரசோட பழைய டிஜிட்டல் லைப்ரரி திட்டத்துல ஸ்கேன் ஆன தமிழ்ப் புத்தகங்கள் நிறைய இங்க தான் வந்து சேந்திருக்கு. உ.வே.சா. புறநானூறை 1894ல பதிப்பிச்சார், அந்த மாதிரி பழைய பதிப்புகளோட அசல் பக்கத்தைப் பாக்கணும்னா நான் முதல்ல போறது இங்க தான், பக்க எண், அச்சான வருஷம், அச்சகம் பேரு எல்லாம் கண்ணால பாத்துக்கலாம். ஆனா தேடறது இருக்கே, அது தலைவலி. நிறைய புத்தகத்துக்குத் தலைப்பு ஆங்கில எழுத்துல, அவங்கவங்க வாய்க்கு வந்த ஸ்பெல்லிங்ல இருக்கும், தமிழ்ல அடிச்சா பாதி சிக்காது. புறநானூறுக்கு ஆங்கிலத்துல எத்தனை விதமா ஸ்பெல்லிங் போடலாம்னு பிள்ளைங்ககிட்ட போட்டி வச்சேன், பத்துக்கு மேல வந்துச்சு. கேட்லாகிங் படிச்சவளுக்கு இதெல்லாம் பாத்தா கை துறுதுறுங்கும், ஒரே நூலாசிரியர் பேரு நாலு விதமா, மூணாம் பாகம் ஒரு பக்கம் முதல் பாகம் இன்னொரு பக்கம். இன்னொண்ணு, 2024 அக்டோபர்ல சைபர் தாக்குதல் நடந்து அந்த சைட்டே சில நாள் படுத்துருச்சு. அதுல இருந்து அடிக்கடி தேவைப்படற பிடிஎஃப் எதுவா இருந்தாலும் பென்டிரைவ்ல ஒரு காப்பி வச்சுக்கறேன், காப்புரிமை முடிஞ்சதை மட்டும்.

காப்புரிமைனதும் ஞாபகம் வருது. நம்ம நாட்டுல நூலாசிரியர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை உண்டு. தமிழ்நாட்டுல கூடுதலா நாட்டுடைமைனு ஒண்ணு இருக்கு, அரசு குடும்பத்துக்குப் பணம் குடுத்து உரிமையைப் பொதுவாக்கிரும், பாரதியார் எழுத்து 1949லயே அரசுகிட்ட வந்தாச்சு. இந்த ரெண்டுலயும் வராத புத்தகத்தோட பிடிஎஃப் டெலிகிராம்ல சுத்துதுனு பசங்க சொல்லுவாங்க, லைப்ரரியன்கிட்டயே சொல்லுவாங்க, அதான் கொடுமை.

இப்ப நான் கட்சி கட்டற இடத்துக்கு வரேன், தமிழ் விக்கிமூலம். விக்கிப்பீடியா இல்ல, விக்கிமூலம், ரெண்டும் ஒண்ணுனு நினைச்சு என் ஹெட்மாஸ்டரே யார் வேணா எழுதறதாச்சே மிஸ்னார். இங்க ஒருத்தர் சொந்தமா எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல, அச்சான நூலை அப்படியே ஏத்தறது தான் வேலை. ஒரு பக்கத்தைத் திறந்தா ஒரு பக்கம் ஸ்கேன், அதுக்கு எதிர்ல அதே பக்கத்தோட எழுத்து. அதாவது மதுரைத் திட்டத்துல இருக்கற தேடற வசதியும் ஆர்கைவ்ல இருக்கற அசல் பக்கமும் ஒண்ணா ஒரே திரைல. வரியைத் தேடிக் கண்டுபிடி, கண்ணைக் கொஞ்சம் திருப்பு, அச்சுல அப்படித்தான் இருக்கா பாத்துக்கோ, பக்க எண்ணைக் குறிச்சுக்கோ, முடிஞ்சுது. நாட்டுடைமை ஆன நூல்கள் இதுல நிறைய இருக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு வேண்டியதுல பெரும்பகுதி அதுக்குள்ளயே அடங்கிரும்.

குறை இல்லாம இல்ல. பக்கத்துக்குப் பக்கம் ஒரு கலர் இருக்கும், சிவப்புனா மெஷின் படிச்சதை இன்னும் யாரும் சரி பாக்கல, மஞ்சள்னா ஒருத்தர் மெய்ப்பு பாத்தாச்சு, பச்சைனா இன்னொருத்தர் அதை மறுபடி சரி பாத்தாச்சு. தமிழ்ல சிவப்பு தான் ஏகப்பட்டது. மெஷினுக்கு கால் போட்ட ா-வும் ர-வும் ஒண்ணு தான், அதனால சிவப்புப் பக்கத்தை நம்பி மேற்கோள் எழுதினா மானம் போயிரும். ஆனா அதையே நான் பாடமா மாத்திட்டேன். பன்னிரண்டாவது பிள்ளைங்க ஆளுக்கு ஒரு சிவப்புப் பக்கம், ஸ்கேனைப் பாத்து திருத்தி மஞ்சளாக்கணும். பச்சையாக்க அதே ஆள் கூடாது, வேற ஒருத்தர் வேணும், அந்த விதி எனக்கு ரொம்பப் பிடிச்சது. எழுத்துப்பிழை குறைக்க நாங்க பத்து வருஷமா டிக்டேஷன் போட்டதை விட இது வேலை செஞ்சுதுனு தமிழய்யாவே ஒத்துக்கிட்டார். புத்தகத்தைத் தான் இன்னும் திருப்பித் தரல.

நூலகம்னு ஒரு சைட் இருக்கே, அதை இந்தப் போட்டில சேக்கறது நியாயம் இல்ல, அதோட வேலையே வேற. இலங்கைத் தமிழர் எழுத்துக்காக 2005ல தொடங்கினது, புத்தகம் மட்டும் இல்ல, சஞ்சிகை, பத்திரிகை, கோயில் மலர், பள்ளிக்கூட மலர் எல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க. 1981ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சப்ப சுமார் 97,000 நூல்கள் போச்சு, அப்படி ஒரு ஊர்ல இருந்து வந்தவங்க ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கூட விடாம ஏத்தறதுல ஆச்சரியம் என்ன இருக்கு. ஈழத்துக் கவிதை, சிறுகதைனு ப்ராஜெக்ட் பண்ற பிள்ளைக்கு வேற எங்கயும் அலைய வேண்டாம். பெரும்பாலும் ஸ்கேன் தான், ஆனா ஆண்டு, ஆசிரியர், பதிப்பகம்னு பட்டியல் ஒழுங்கா தமிழ்லயே இருக்கும். கேட்லாக்னா இப்படி இருக்கணும்யா.

ஏஐயைக் கேக்காம இருந்தா விட மாட்டாங்க, அதனால அதையும் கேட்டோம். பேரு வேண்டாம், ஒரு சாட்பாட். ரெண்டு செகண்டுல பாட்டு வந்துச்சு. முதல் ரெண்டு வரி சரி, அதுக்கப்புறம் செய்யுள் மாதிரியே ஓசையோட ஒரு நாலு வரி, எங்கயுமே இல்லாத வரி. வேகத்துல எல்லாரையும் ஜெயிச்சுது, கை காட்ட ஒரு பக்கம் கேட்டா பக்க எண்ணும் ஒண்ணு குடுத்துச்சு, அதுவும் கப்ஸா. அந்தப் பொண்ணு அதையே நோட்டுல எழுத ஆரம்பிச்சுட்டா, நல்ல வேளை உரைப் பக்கம் இன்னொரு டேப்ல திறந்திருந்துச்சு. அசல் பாட்டு 13 வரி, முடியறது பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமேனு. வாட்ஸப் படத்துல வராத இந்த முடிவு தான் பேச்சுக்குப் பலம்னு அவளே கண்டுபிடிச்சா.

இதெல்லாம் கிளாஸுக்கு மண்டைல ஏறிச்சானு பாக்க ஒரு க்விஸ் வைக்கலாம்னு போனா அங்க இன்னொரு மும்முனைப் போட்டி. கஹூட், க்விஸிஸ், பிளிக்கர்ஸ். கஹூட்ல கேள்வி பெரிய திரைல வரும், பிள்ளைங்க கைல ஆளுக்கொரு கருவி வேணும், சீக்கிரம் அமுக்கினா மார்க் ஜாஸ்தி. பாட்டும் கலருமா அமர்க்களமா இருக்கும், ஆனா மெதுவா படிச்சு யோசிக்கற பிள்ளை தோத்துக்கிட்டே இருக்கும், படிக்கப் பழக்கற இடத்துல வேகத்துக்கு மார்க் குடுக்கறது எனக்கு ஒட்டல. பெங்களூருல பொறந்த க்விஸிஸ், இப்ப வேகிரவுண்டுனு பேரு மாத்திட்டாங்க, அதுல கேள்வி அவங்கவங்க திரைலயே வரும், அவங்கவங்க வேகத்துல போகலாம், வீட்டுப்பாடமாவும் குடுக்கலாம். நல்லது தான். ஆனா முப்பத்தெட்டு கருவிக்கு நான் எங்க போக.

பிளிக்கர்ஸ் தான் எங்களுக்கு. பிள்ளைங்க கைல ஒரு பேப்பர் கார்டு, க்யூஆர் மாதிரி ஒரு கறுப்பு வடிவம், நாலு பக்கத்துலயும் பொடி எழுத்துல ஏ பி சி டி. எந்த விடையோ அந்தப் பக்கத்தை மேல வச்சுத் தூக்கிப் பிடிக்கணும், நான் என் போனை ஒரு சுத்து சுத்தினா யார் என்ன விடைனு வந்துரும். ஒவ்வொரு கார்டுலயும் வடிவம் வேற, பக்கத்துல இருக்கறவனைப் பாத்துக் காப்பி அடிக்க முடியாது. நெட் தேவை எனக்கு மட்டும். ஒரு தப்பு பண்ணேன், கார்டு கிழியாம இருக்கட்டும்னு பளபளனு லேமினேஷன் போட்டுட்டேன், ட்யூப்லைட் வெளிச்சம் பட்டு மின்னி கேமரா பாதியைப் படிக்கவே இல்ல, திரும்ப சாதா சார்ட்ல ஒட்டினேன். நூறு ரூபாய்க்குள்ள வேலை முடிஞ்சுது, வீடு பூரா கத்திரிச்ச பேப்பர்.

சின்ன வகுப்புக்கு ரொம்ப யோசிக்கல, ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்சது, படக்கதைகள் நாலு நிலைல, திறந்த உரிமத்துல, இறக்கி பிரின்ட் எடுத்து பிள்ளைங்க கைல குடுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. நம்ம அரசோட வாசிப்பு இயக்கம் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பறனு பிரிச்சிருக்காங்களே, அதையும் இதையும் கலந்து ஒரே அலமாரில வச்சிருக்கேன். சில ஸ்டோரிவீவர் கதைல மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும், அதை மட்டும் நாம படிச்சுப் பாத்து எடுக்கணும்.

டீச்சருங்க ஆராய்ச்சிக்கு வேற கணக்கு. எங்க வரலாறு மிஸ் பகுதி நேரமா பிஎச்டி பண்றாங்க, கூகுள் ஸ்காலர்லயே குடியிருந்தாங்க. ஆங்கிலக் கட்டுரைக்கு அது சரி, நிறைய இடத்துல சுருக்கம் மட்டும் காட்டி காசு கேக்கும், தமிழ்ல தேடினா வறண்டுரும். ஷோத்கங்காவைக் காட்டினேன், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் முழுசா, இயல் இயலா தனித்தனி பிடிஎஃப்பா, தமிழ்ல எழுதினதும் சேத்து. வந்த ரெண்டாவது நாளே அவங்க தலைப்புல ஏற்கெனவே ஒருத்தர் பண்ணியிருக்கறதைக் கண்டுபிடிச்சுட்டு என் மேல கோவம், ஆனா கைடு கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நாமளே கண்டுபிடிச்சது நல்லது தானே.

மேற்கோள் பட்டியல் போடற மென்பொருள்ல ஜோட்டெரோவா மெண்ட்லேயானு கேட்டாங்க. மெண்ட்லே 2013ல இருந்து எல்சவியர்ங்கற ஆய்விதழ்ப் பதிப்பகத்தோட கைல, ஜோட்டெரோ 2006ல ஒரு பல்கலைக்கழகத்துல இருந்து வந்த திறந்த மென்பொருள். நான் ஜோட்டெரோ பக்கம், காரணம் தமிழ்ப் பேரு. வரதராசன், மு.னு ரெண்டு கட்டத்துல போட்டா நம்ம ஆய்வேட்டு வழக்கத்துக்கே வந்துரும், இளங்கோவடிகளுக்கு இன்ஷியல் எங்க போறது, அப்ப ஒரே கட்டமா மாத்திக்க பக்கத்துலயே ஒரு பட்டன் இருக்கு. ஐஎஸ்பிஎன் போட்டா ஆங்கிலப் புத்தக விவரம் தானா வந்து விழும், தமிழ்ப் புத்தகத்துக்குப் பெரும்பாலும் கையால தான் அடிக்கணும், சலிக்காம அடிங்க மிஸ்னு சொல்லிட்டேன்.

இப்ப கம்ப்யூட்டர் பக்கத்துச் செவுத்துல ஒரு சார்ட் ஒட்டியிருக்கேன். வரி ஞாபகம் இருக்கு பாட்டு தெரியலனா மதுரைத் திட்டம். அர்த்தம் வேணும்னா கல்விக்கழகம். மேடைல சொல்லவோ எழுதிக் குடுக்கவோ போறீங்கன்னா விக்கிமூலம், மஞ்சளோ பச்சையோ பாத்துட்டு. அங்க இல்லாத பழைய பதிப்புனா மட்டும் ஆர்கைவ், அதுவும் என்னைக் கூப்பிட்டுட்டு, இல்லனா பீரியட் பூரா ஸ்பெல்லிங்லயே போயிரும்.

போன வாரம் பீரோவை ஒழுங்கு பண்றப்ப அடித்தட்டுல எங்க ஸ்கூல் ஆண்டு மலர் பழசு ஒரு கட்டு கிடைச்சுது, ஓரமெல்லாம் செல்லரிச்சு. இதை எங்க ஏத்தறதுனு இப்ப புதுசா ஒரு ஒப்பீடு ஓடிட்டு இருக்கு. ஆர்கைவ்னா கணக்கு தொடங்கி நானே இன்னிக்கே ஏத்திரலாம், தலைப்பைத் தமிழ்ல ஒழுங்கா குடுத்து. ஆனா அதுல எழுதின பிள்ளைங்க எல்லாம் இப்ப அம்பது அறுபது வயசுல இருப்பாங்க, உரிமை அவங்களோடது, மொதல்ல யாரையாவது கேக்கணும். பழைய மாணவர் சங்கச் செயலாளர் ஞாயித்துக்கிழமை வரேன்னிருக்கார், அதுக்குள்ள போனை நிறுத்தி வச்சு ஸ்கேன் எடுக்க கார்பென்டர்கிட்ட ஒரு மரச்சட்டம் சொல்லி வச்சிருக்கேன்.